மழையில் வளையாத காடி: பி லைசன்ஸ்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வளைவில் ஸ்டேரிங்கைத் திருப்பியாகிவிட்டது. காடி மட்டும் திரும்பவில்லை. முன்பக்கம் வளைவின் வெளி ஓரத்தை நோக்கி வழுக்கிக்கொண்டே போகிறது. இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். விபத்துக்குப் பிறகு நம்மவர்கள் 'திருப்புனேன், காடி நேரா போயிருச்சு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் புதிதாக லைசன்ஸ் எடுத்து, கண்ணாடியில் பி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு தோட்டத்துக்கும் பட்டணத்துக்கும் ஈப்போவுக்கும் ஓட்டும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். மைவி, ஆக்ஸியா, சாகா, பழைய கஞ்சில் என்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சின்னக் காடிகள் எல்லாமே முன்சக்கரத்தால் ஓடுபவை. முடுக்குவது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு என மூன்று வேலையும் முன் டயர்கள் இரண்டின் தலையில்தான். அதனால் ஈர ரோட்டில் இவை கை மீறினால் பெரும்பாலும் முன்பக்கம்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

கட்டுரை முழுக்கப் படிக்க நேரமில்லாதவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: காடி வளையாதபோது ஸ்டேரிங்கை இன்னும் திருப்பாதீர்கள். கை இயல்பாகவே அதைத்தான் செய்யப் பார்க்கும். அதுதான் தவறு. கொஞ்சம் திருப்பத்தைக் குறைத்தால்தான் டயர் மறுபடி பிடிக்கும்.

ஏன் வளைய மறுக்கிறது

டயரின் பிடி மாதச் சம்பளம் மாதிரி. மொத்தத் தொகை இவ்வளவுதான். பிரேக்குக்கு நிறையச் செலவழித்தால் வளைவதற்கு மிஞ்சாது. வளைவின் நடுவில் எண்ணெய்ப் பெடலை (முடுக்கியை) மிதித்தாலும் அதே கதிதான். மழை பெய்யும் நாளில் அந்தச் சம்பளமே பாதியாகிவிடுகிறது.

எண்ணாகச் சொன்னால் இன்னும் தெளியும். காய்ந்த தாரில் நல்ல டயர் தன் மேல் இருக்கும் எடையில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு அளவுக்குப் பக்கவாட்டில் பிடிக்கும். நனைந்த தாரில் அது 40, 50 என்று இறங்கலாம். சேறு, எண்ணெய் இருந்தால் இன்னும் கீழே. இப்போது 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் டயருக்குத் தேவைப்படும் பிடி சுமார் 39 விழுக்காடு. 60இல் போனால் 57. பத்தே கிலோமீட்டர்தான் கூடியிருக்கிறது, ஆனால் தேவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது. வேகத்தின் இருமடிக்கு ஏற்றபடி தேவை கூடுவதால் வரும் வினை இது. வெயில் நாளில் 60இல் சுகமாக வளைந்த அதே இடம், மழையில் 60இல் உங்களை வெளியே தள்ளும். ஐம்பதிலேயே ஏறக்குறைய விளிம்பில்தான் இருக்கிறீர்கள்.

'நான் தினமும் போற ரோடுதான்' என்ற நினைப்பு இதனால்தான் ஆபத்து. பழகியது வெயில் கால வேகம்.

இடது வளைவா, வலது வளைவா

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இடது வளைவில் முன்பக்கம் வழுக்கினால் காடி வலப்பக்கம் தள்ளப்படும். அதாவது நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் லோரியின் பாதைக்குள். வலது வளைவில் வழுக்கினால் இடப்பக்கம் போய்ச் சேருவீர்கள்: புல், வடிகால், செம்பனை மரம். இரண்டும் நல்லதல்ல, ஆனால் முதலாவது பல மடங்கு மோசம். வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருபவன் ஹார்ன் அடிப்பான் என்று தயங்குகிறீர்களா? இடது வளைவில் அவன் அடிக்கட்டும்.

நம் பக்கத்தில் எங்கே வழுக்கும்

மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் பருவக்காற்று மாறும் காலம். மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். அப்புறம் மூன்று, நான்கு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். தீபாவளியும் சரியாக இந்தக் காலத்தில்தான் வருகிறது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள், பின்னால் நான்கு பேர், பூட் நிறைய மூட்டை என்று பாட்டி வீட்டுக்கு வரும் நேரம். பின்பக்கம் பாரம் ஏறும்போது எடையில் முன்சக்கரங்களின் பங்கு குறையும், ஸ்டேரிங் லேசாகும், காடி வளையச் சோம்பும்.

மழையில் மிகவும் வழுக்கும் நேரம் எது என்று கேட்டால் பலர் பெருமழை என்பார்கள். அதற்கும் முன்னால், தூறல் விழும் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தைக் கவனியுங்கள். வெயில் நாள்களில் தாரில் படிந்த எண்ணெய், டயர் தூள், புழுதி எல்லாம் அந்தத் தூறலில் கலந்து பசையாகிவிடும். நன்றாகக் கொட்டிய பிறகு ஓரளவு கழுவிக்கொண்டு போகும்.

தோட்டத்து ரோட்டுக்கு இன்னும் சில தனிக் குணங்கள் உண்டு. தோட்டத்துச் செம்மண் பாதை தார் ரோட்டில் வந்து சேரும் முனைகளைப் பாருங்கள். லோரி டயர்கள் வாரிக்கொண்டு வந்த செம்மண் அங்கே ஐம்பது அறுபது அடிக்கு அப்பியிருக்கும். காய்ந்திருந்தால் வெறும் புழுதி, நனைந்தால் வழுக்குப்பாறை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகளிலிருந்து விழும் உதிரிப் பழங்கள் வளைவுகளில்தான் அதிகம் கிடக்கும், ஏனென்றால் பாரம் சாய்வது அங்கேதான். நசுங்கினால் எண்ணெய். ரப்பர் மரம் இன்னும் மிச்சமிருக்கும் பக்கங்களில் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிரும். அந்த நேரத்தில் ஒரு மழை பெய்தால் நனைந்த சருகு தாரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இவை போக, ரோட்டில் அடித்த மஞ்சள், வெள்ளைப் பெயின்ட், பாலத்தின் இரும்பு இணைப்பு. வளைந்துகொண்டிருக்கும்போது இவற்றின் மேல் பிரேக் அடிக்கக் கூடாது.

கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் வருபவர்கள் மெனோரா சுரங்கத்தைத் தாண்டியதும் ஜெலாப்பாங் வரை இறங்கும் வளைவுகளை அறிவார்கள். அங்கே வேக வரம்புப் பலகையைச் சும்மா வைக்கவில்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வளைந்தால், மேலே சொன்ன சம்பளம் முழுவதும் பிரேக்குக்கே போய்விடும். கீழ் கியருக்கு முன்கூட்டியே மாறிக்கொள்ளுங்கள். ஆட்டோ காடியிலும் அதற்கு வழி இருக்கிறது. கியரில் டிக்குக் கீழே இருக்கும் எழுத்துகள் அழகுக்காகப் போட்டவை அல்ல.

டயர்: மழை வரும் முன் செய்ய வேண்டியது

ஓட்டும் திறமையைவிட டயருக்கே நான் முதலிடம் கொடுப்பேன். புது டயரின் பள்ளம் சுமார் 8 மில்லிமீட்டர். சட்டப்படி 1.6 வரை ஓட்டலாம். பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று குறுக்கே இருக்கும். டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் முடிந்தது. ஆனால் மழைக்கு 1.6 போதவே போதாது. தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றப் பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தும் ரப்பர் இறுகிப்போன பழைய டயர் ஈரத்தில் பிடிக்காது. செகண்ட்ஹேண்ட் டயர் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும்போது முதலில் இந்த நான்கு எண்ணைப் பாருங்கள், பிறகு விலை பேசலாம்.

இரண்டு டயர் மட்டும் மாற்றக் காசு இருக்கிறது என்றால், எங்கே போடுவது? டயர் கடைத் தவுக்கேயும் சொல்வார், நம் மாமா சித்தப்பாவும் சொல்வார்கள்: முன்னால் போடு, அதுதானே இழுக்கிறது. டயர் நிறுவனங்கள் சொல்வது நேர் எதிர். புதியதைப் பின்னால் போடு. காரணம் இதுதான். முன்பக்கம் வழுக்கினால் எண்ணெயை விட்டு, திருப்பத்தைக் குறைத்துத் திருத்தலாம். தேய்ந்த டயர் பின்னால் இருந்து, மழை வளைவில் பின்பக்கம் விட்டுக்கொடுத்தால் காடி சுழலும். அதைப் புதியவர் திருத்துவது நடக்காத காரியம். அதற்காக முன்னால் மொட்டை டயரோடு ஓடலாம் என்று பொருள் இல்லை. முன்சக்கரக் காடியில் முன் டயர் சீக்கிரம் தேயும் என்பதால் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்பின் மாற்றிப் போட்டுவந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், இந்தத் தலைவலியே வராது.

காற்று பிடிப்பது எண்ணெய் நிலையங்களில் பெரும்பாலும் இலவசம், அப்படியும் பலர் பிடிப்பதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும், அதிலுள்ள அளவுதான் அளவு. பம்பு பெரும்பாலும் கிலோபாஸ்கலில் காட்டும்: 200 என்றால் 29 பிஎஸ்ஐ, 230 என்றால் 33. டயர் சூடாகும் முன், வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தில் பிடியுங்கள். தீபாவளிக் கூட்டத்தை ஏற்றும்போது முழுப் பாரத்துக்கான அளவு அந்த ஸ்டிக்கரில் தனியாக இருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

இன்னொன்று, செருப்பு. நனைந்த ரப்பர் சிலிப்பர் பெடலில் வழுக்கும், சில நேரம் பெடலுக்கு அடியிலும் மாட்டும். கழற்றிவிட்டு ஓட்டினாலும் பரவாயில்லை, ஆனால் கழற்றியதைக் காலடியில் போடாதீர்கள்.

வளைவுக்கு முன்

வேலையில் முக்கால் பங்கு இங்கேயே முடிந்துவிட வேண்டும். பிரேக்கை நேர் ரோட்டிலேயே அடித்து, வேகத்தைக் குறைத்து, கியரையும் மாற்றி முடியுங்கள். வளைவுக்குள் நுழையும்போது கால் பிரேக்கில் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் பெடலில் லேசாக, வேகம் கூடாமலும் குறையாமலும் இருக்கட்டும். ஸ்டேரிங்கை ஒரே இழுப்பில் திருப்பாமல், மெதுவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வளைவின் முடிவு கண்ணுக்குத் தெரிந்து, ஸ்டேரிங் நேராகத் தொடங்கிய பிறகுதான் எண்ணெய் கூட்ட வேண்டும்.

எவ்வளவு வேகம் சரி? கூட்டரசு ரோட்டில் வரம்பு 90 என்று பலகை சொல்லலாம். அது வெயில் நாளில், நேர் ரோட்டில் தாண்டக் கூடாத அளவு. மஞ்சள் பலகையில் வளைவுக்கென்று ஒரு வேகம் போட்டிருந்தால் மழையில் அதிலிருந்தும் 10, 20 குறைத்துக்கொள்ளுங்கள். வளைவு மேலும் மேலும் இறுகிக்கொண்டே போகும் இடங்களில் இந்தக் கையிருப்புதான் காப்பாற்றும்.

முன்னால் போகும் காடிக்கும் உங்களுக்கும் நான்கு விநாடி இடைவெளி விடுங்கள். விளக்கைப் போடுங்கள். ஓடும்போது நான்கு பக்கமும் மினுக்கும் அபாய விளக்கைப் போடாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும்.

வழுக்கியே விட்டால்

முதல் அடையாளம் கையில் தெரியும். ஸ்டேரிங் திடீரென்று லேசாகும், திருப்பியும் எதிர்ப்பு இருக்காது. காய்ந்த ரோட்டில் டயர் கத்தும். ஈரத்தில் அந்தச் சத்தம் அநேகமாக வராது, ஆகவே காதை நம்பாதீர்கள்.

முதலில் எண்ணெயிலிருந்து காலை எடுங்கள். சுண்டிவிட்ட மாதிரி அல்ல, மெதுவாக. படக்கென்று எடுத்தால் எடை முழுவதும் முன்னால் பாய்ந்து, பின் டயர் தேய்ந்த காடியில் பின்பக்கம் சுழலலாம். மெதுவாக எடுத்தால் வேகமும் குறையும், முன் டயர்கள் மேல் கொஞ்சம் எடையும் ஏறும். இரண்டுமே பிடிக்கு உதவும்.

அதே நேரத்தில் ஸ்டேரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள். முழுவதும் அல்ல, திருப்பியதில் கால்வாசி அளவு. மனம் ஒப்பாது, 'இன்னும் வெளியே போயிடுவேனே' என்று பதறும். ஆனால் அளவுக்கு மீறித் திரும்பிய டயர் உருளாமல் பக்கவாட்டில் இழுபடுகிறது, அது வளைக்காது. நேராக்கியதும் மறுபடி உருளும், பிடிக்கும். ஸ்டேரிங்கில் அந்தக் கனம் திரும்புவதைக் கையில் உணர்வீர்கள். உணர்ந்த பிறகு மெல்ல, தேவையான அளவுக்கு மட்டும் வளையுங்கள்.

இதைச் செய்யாமல் ஸ்டேரிங்கை முழுக்க மடக்கி வைத்திருந்தால் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. வேகம் குறைந்து டயர் திடீரென்று பிடிக்கும்போது சக்கரம் மடங்கிய பக்கத்துக்கே காடி பாயும். வலது வளைவில் அது எதிர்ப் பாதை. முதலில் வழுக்கியதைவிட இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிரேக்கைப் பொறுத்தவரை காடியில் ஏபிஎஸ், அதாவது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவி, இருக்கிறதா என்பது முக்கியம். சாவி போட்டதும் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து அணைந்தால் இருக்கிறது. பழைய காடிகள் பலவற்றில் கிடையாது. ஏபிஎஸ் இல்லாத காடியில் வளைவில் பலமாக அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய சக்கரம் எந்தப் பக்கமும் திருப்பாது. லேசாக அழுத்துங்கள், பூட்டினால் உடனே விட்டு மறுபடி அழுத்துங்கள். ஏபிஎஸ் இருந்தால் எதிரே ஆபத்து தெரியும்போது தயங்காமல் அழுத்திப் பிடியுங்கள். பெடல் கடகடவென்று அதிரும், பயந்து காலை எடுக்காதீர்கள்.

ஹேண்ட்பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். ஆட்டோ காடியை நியூட்ரலுக்குத் தள்ளவும் வேண்டாம்.

கண் போகும் இடத்துக்குத்தான் கையும் போகும். எதிரே வரும் லோரியையோ மரத்தையோ பார்த்துக்கொண்டிருந்தால் அங்கேயேதான் போவீர்கள். ரோடு எங்கே போகிறதோ அங்கே பாருங்கள். எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது, செய்வது கஷ்டம்தான்.

எல்லாம் செய்தும் வலது வளைவில் இடப்பக்கச் சக்கரங்கள் தாரைவிட்டு இறங்கிவிட்டால், உடனே வலப்பக்கம் வெட்டி ஏறப் பார்க்காதீர்கள். தார் விளிம்பில் டயர் முட்டி, ஏறிய வேகத்தில் எதிர்ப் பாதைக்குப் பாய்ந்துவிடும். ஸ்டேரிங்கை உறுதியாகப் பிடித்து, ஓரத்திலேயே வேகத்தைக் குறையவிட்டு, பிறகு மெதுவாக ஏறுங்கள்.

புதிய காடிகளில் ஈஎஸ்சி, விஎஸ்சி என்று ஒரு கருவி இருக்கும். ஸ்டேரிங் திரும்பிய அளவுக்குக் காடி திரும்பவில்லை என்று கண்டால், அதுவாகவே எஞ்சின் விசையைக் குறைத்து, உள்பக்கப் பின்சக்கரத்தில் பிரேக் பிடித்து மூக்கைத் திருப்பும். நல்ல கருவி. ஆனால் இல்லாத பிடியை அது உண்டாக்காது. வழுக்கும் காடி படம் போட்ட விளக்கு வளைவில் மினுக்கினால் 'கெட்டிக்காரக் காடி' என்று மெச்சாமல், அடுத்த வளைவில் வேகத்தைக் குறையுங்கள்.

நேர் ரோட்டிலேயே ஸ்டேரிங் லேசானால்

அது வேறு விவகாரம். டயருக்கும் தாருக்கும் இடையில் தண்ணீர் புகுந்து காடி மிதக்கிறது. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து இதை ஆராய்ந்து ஒரு சூத்திரம் கொடுத்தார்கள். அதன்படி, தேங்கிய தண்ணீரில் மொட்டை டயர், 30 பிஎஸ்ஐ காற்றோடு சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். காற்று 20க்கு இறங்கினால் 75 போதும். காற்று பிடிப்பதை ஏன் அவ்வளவு வலியுறுத்தினேன் என்பது இப்போது புரியும்.

மிதக்கும்போது பிரேக் வேண்டாம், ஸ்டேரிங்கையும் திருப்ப வேண்டாம். எண்ணெயை விட்டு, நேராகப் பிடித்துக் காத்திருங்கள். ஓரிரு விநாடியில் டயர் தாரைத் தொடும்.

எங்கே பழகுவது

ரோட்டில் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் ஆளில்லாத ரோட்டிலும் வேண்டாம், மாடு படுத்திருக்கும். விசாலமான காலித் திடல் ஏதாவது இருந்தால், உரியவரிடம் கேட்டுவிட்டு, மழை விட்டதும் அனுபவமுள்ள ஒருவரை உட்காரவைத்துப் பழகலாம். 25, 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தேவையே இல்லை. பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டு மெல்ல வேகத்தைக் கூட்டினால் ஒரு கட்டத்தில் வட்டம் தானாகப் பெரிதாகும், ஸ்டேரிங் லேசாகும். அங்கே எண்ணெயை விடுங்கள், முன்பக்கம் உள்ளே வருவதை உணருங்கள். அப்புறம் நேராக ஓட்டி, பிரேக்கைப் பலமாக அழுத்தி, ஏபிஎஸ் அதிர்வு எப்படி இருக்கும் என்று காலுக்குக் காட்டிவிடுங்கள்.

இடித்துவிட்டால்

யாருக்காவது அடிபட்டிருந்தால் 999. காடி வளைவில் நின்றுபோனால் உள்ளே உட்கார்ந்திருக்காமல் எல்லாரும் இறங்கி, ரோட்டைவிட்டு விலகி, வளைவின் உள்பக்கம் போய் நில்லுங்கள். அடுத்து வழுக்கும் காடியும் வெளிப்பக்கம்தான் வரும். முக்கோணத்தை வளைவுக்கு முன்பே, வருபவர் கண்ணில் படும்படி வையுங்கள். போலீஸ் புகாரை 24 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும்.

இடிக்காமல் வடிகால் ஓரத்தில் உரசியதோடு தப்பித்திருந்தாலும் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். கீழே குனிந்து எண்ணெய் ஒழுகுகிறதா பாருங்கள், டயரின் பக்கச் சுவரில் புடைப்பு இருக்கிறதா தடவிப் பாருங்கள். புடைத்திருந்தால் அந்த டயரில் ஓட்டக் கூடாது, ஸ்பேரை மாட்டுங்கள். மறுநாள் அலைன்மென்ட் பார்க்கக் கொடுங்கள்.